ரவுட்டரின் பின்பக்கம்

வீட்டில் பாட்டுக் கேட்க மட்டும் கொம்பியூட்டர் விலை விசாரித்துக்கொண்டு நின்றார் ஒரு ஐயா, கல்லடிக் கடையொன்றில், இன்று.

முதலில் வைஃபை ரவுட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள் ஐயா. யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா? இரவு பகலாக எரிகிற அந்தப் பெட்டிக்கே இந்த வேலையையும் கொடுப்பதுதான் மலிவு.

அந்தப் போர்ட்டில் செருக 32 ஜிபி பென்டிரைவ் போதும். நல்ல தரமான 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். பென்டிரைவைப் போனோடு இணைக்கிற ஓடிஜி கேபிள் கொழுவிப் போனிலிருந்தே பாட்டை ஏற்றலாம். 64 ஜிபி பல எக்ஸ்ஃபேட் என்ற ஃபோர்மட்டில் வரும், பழைய ரவுட்டர்கள் பல அதை வாசிக்காது.

போன் பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வீட்டு வைஃபையில் பாட்டைப் பகிர்கிற டிஎல்என்ஏயை ஒன் பண்ணினால், போனில் விஎல்சி பிளேயரிலும் டிவியிலும் பாட்டுப் பட்டியல் வரும்.

ஹார்ட் டிஸ்க் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஅம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் டிக் டிக் என்று அடித்து நின்றுவிடும்.

கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் பாட்டுகளைத் திரும்ப எண்ணும். சில நிமிடம் பொறுங்கள், பிடுங்கிவிடாதீர்கள்.