கெளரவமா, கௌரவமா? ஒரு விசைக்காக எட்டு மாதம்

மேலே தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களும் உங்கள் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தெரியட்டும். என் எட்டு மாதம் போனதே அதனால்தான்.

பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கான ஒரு கட்டற்ற விசைப்பலகை லேஅவுட்டைப் பராமரிக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிவிட்டார், நான் வாயைத் திறந்து ஏதோ குறை சொன்னேன், 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன்' என்றார்கள். மொத்தமே ஒரு சின்னக் கோப்பு. இந்த விசையை அழுத்தினால் இந்த எழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நான் சொன்ன குறை இது. கௌரவம் என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது 'கௌரவம்' இல்லை, 'கெளரவம்'. அதாவது ககரம், ஒற்றைக்கொம்பு, அப்புறம் முழு ளகரம். சரியான 'கௌ'வில் ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி ஒன்றுதான் இருக்க வேண்டும். யூனிகோடு எண்ணைத் தசமத்தில் சொன்னால் சரியானது 2965, 3020. எங்கள் லேஅவுட் தந்தது 2965, 3014, 2995. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் தெரியும். நூறு பக்க ஆவணத்தில் 'மௌனம்' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மௌனம் கண்ணெதிரே நிற்கும். அகர வரிசையில் அடுக்கினாலும் மௌனம் போய் 'மெ' வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

இது யாருடைய பிழையும் இல்லை. 'கௌ'வின் வலப்பக்கம் ளகரம்போல நிற்கும் குறிதான் கொம்புக்கால். தட்டச்சுப் பொறியில் அதற்கென்று தனியாக ஒரு விசை வைக்க இடம் ஏது? கொம்பு, க, ள என்று அடித்தால் தாளில் 'கௌ' என்று விழுந்துவிடும், வேலை முடிந்தது. தாளுக்குத் தேடத் தெரியாது. அந்தக் கைப்பழக்கம் அப்படியே கணினிக்கு வந்துவிட்டது. இணையத்தில் 'ஒளவையார்' இத்தனை இடத்தில் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, திருத்தத்தை அனுப்புவோம் என்று கிளம்பினேன். முதல் பயணமே வீண். என் கணினியில் இருந்த இயங்குதளத் தொகுப்பின் வழுப்பட்டியலில், அதாவது பிழைகளைப் பதியும் இடத்தில், போட்டேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு வரி பதில்: இந்தக் கோப்பு எங்களுடையது இல்லை, மூலத்திட்டத்தில், அதாவது கோப்பு முதலில் வெளியாகிற திட்டத்தில், கேளுங்கள். கோப்பின் முதல் பத்து வரியிலேயே யாருடைய கோப்பு என்று எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள், மூன்று வாரம் மிச்சமாகும்.

மூலத்திட்டத்தில் இருந்தவர் மரியாதையானவர்தான், ஆனால் தமிழ் தெரியாது. நான் அனுப்பிய பேட்சில், அதாவது திருத்தக் கோப்பில், பழைய வரியும் புதிய வரியும் மேலும் கீழுமாக நின்றன. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வரி. 'மாற்றம் எதுவும் இல்லையே' என்று என் கோரிக்கையை மூடிவிட்டார். நான் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். யோசித்துப் பாருங்கள், ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு எழுத்தை வித்தியாசம் காட்டுவதற்காகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்! அதில் சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தேன். 'இரண்டும் ஒன்றுதானே' என்று மறுபடியும் மூடினார். அவர்மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் மூடியிருப்பேன்.

கடைசியில் எடுபட்டது பைட் கணக்கு. இரண்டு சொல்லையும் தனித்தனிக் கோப்பில் போட்டு அளவைக் காட்டினேன். யூனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கௌரவம்' 18 பைட், 'கெளரவம்' 21 பைட். அவருக்குத் தமிழ் படிக்க வராது, 18ம் 21ம் வேறு என்று தெரியாமல் போகுமா? அன்றைக்கே மறுபடி திறந்தார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது. யாருக்காவது இதுபோல நிரூபிக்க வேண்டியிருந்தால் படத்தை விடுங்கள், எண்ணைக் காட்டுங்கள். இன்னொன்று, லேஅவுட் கோப்பில் குறிகளை எழுத்தாக எழுதாமல் யூனிகோடு எண்ணாகவே எழுதிவிடுங்கள். பேட்சைப் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்களுக்கும் தெரியும்.

திறந்ததும் அடுத்த கேள்வி: எந்தத் தரநிலை இப்படிச் சொல்கிறது, ஆவணம் கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகை என்றால் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை என்று காட்டலாம். நம்முடையது தட்டச்சுப் பொறிக்காலத்துச் சமாச்சாரம். யூனிகோடின் முதல் பதிப்பே 1991இல்தான் வந்தது. அதற்கு எவ்வளவோ முன்பு பிறந்த பொறிக்கு யூனிகோடு எண் போட்ட ஆவணத்தை எங்கே தேடுவது? இரண்டு வாரம் மங்கலான ஸ்கேன் பிரதிகளைத் துழாவினேன். தேவையே இருக்கவில்லை. யூனிகோடின் எழுத்துத் தரவுப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கிறது: 3020 என்பது 3014உம் 3031உம் சேர்ந்தது. 3031தான் நம் கொம்புக்கால். 2995, அதாவது ளகரம், அந்த வரியில் எங்கும் இல்லை. 'இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வரிசைகளை ஒரே வடிவாக்குவது) செய்தால் தானாகச் சரியாகிவிடாதா' என்று அவர் கேட்டதற்கும் அதே வரிதான் பதில். கொம்பும் கொம்புக்காலும் அடுத்தடுத்து இருந்தால் இயல்பாக்கம் அவற்றைச் சேர்த்து ஔகாரமாக்கும். கொம்பும் ளகரமும் இருந்தால் தொடவே தொடாது. தொடவும் கூடாது. ஏன் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதல் திருத்தம் ரொம்பப் புத்திசாலித்தனமானது என்று எனக்கு நினைப்பு. கொம்பு, ஒரு மெய், பிறகு ள என்று விசை அழுத்தினால் மூன்றையும் சேர்த்து ஔகாரமாக்கிவிடு. ஒரே விதி. கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால் என்று நாலு சொல் அடித்துப் பார்த்தேன், நாலும் சரி. பேட்ச் ஏறியது, ரிலீஸும் வந்தது.

ரிலீஸான இரண்டாவது வாரம் ஒருவர் கூப்பிட்டார். முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர், எங்கள் லேஅவுட்டை ஆரம்பத்திலிருந்து பயன்படுத்துகிறவர்.

"தம்பி, வெள்ளம்னு அடிச்சா என்னமோ வருதே."

"என்ன ஐயா வருது?"

"ளகரத்துக்கு மேலே இருக்க வேண்டிய புள்ளி எங்கேயோ தனியா நிக்குது. தெளிவு, வெளியூர், கெளுத்தி எல்லாம் இதே கதைதான். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே அடித்துப் பார்த்தேன். 'வௌ்ளம்'. 'தௌிவு'. 'வௌியூர்'. என் புத்திசாலி விதி வெள்ளத்தின் முதல் ளகரத்தை விழுங்கிவிட்டிருந்தது. கௌரவத்தைக் காப்பாற்றப் போய் மானம் போனது எனக்கு. இதே கோலத்தில் 'வௌியீடு' என்று பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஆவணங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் என்னைப் போலவே ஒரு விதி எழுதியிருக்கிறார்.

'கொம்பு, வ, ள' வரைக்கும் வௌவாலும் வெள்ளமும் ஒன்றேதான். எது என்று அடுத்த விசை வந்தால்தான் தெரியும். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது அசல் ளகரம், வேறு ஏதாவது வந்தால் பெரும்பாலும் ஔகாரம். அப்படியானால் அடுத்த விசை வரும்வரை காத்திருந்து முடிவு செய்யலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார், அதையும் செய்து பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் அடித்து முடித்த எழுத்து ஒரு விசை கழித்துத் திரையில் துள்ளி மாறுகிறது. நடுவில் பேக்ஸ்பேஸ் அடித்தால் எது அழியும் என்று எனக்கே தெரியவில்லை. வேகமாக அடிப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, பார்க்கிற நேரத்தில் அது ஆடினால் எரிச்சல்தான். இந்த யோசனையைத் தூக்கிப் போட்டேன்.

பழைய விதியைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதியதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கடிதம். இரண்டு மாதம் மல்லுக்கட்டி ஏற்ற வைத்ததை நானே 'தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று கேட்க வேண்டும். மூலத்திட்டக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: இனி சோதனைச் சொற்பட்டியல் இல்லாமல் எதையும் ஏற்க மாட்டேன். நியாயம்தானே. இன்றைக்கு அந்தப் பட்டியலில் நாற்பது சொல் இருக்கிறது, பாதிக்கு மேல் அந்தத் தட்டச்சர் ஐயா போனில் சொன்னவை. மாற்றம் சரியாக வேலை செய்கிற சொற்களை மட்டும் நான் சோதித்திருந்தேன். மாற்றம் தொடவே கூடாத சொற்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கடைசி வடிவம் சாதாரணமானது. ளகரம் எப்போதும் ளகரமே. கொம்புக்காலுக்கு வலது ஆல்ட்டோடு ளகர விசை. கொம்பு, க, வலது ஆல்ட் ள என்று அடித்தால் ஔகாரம் ஒற்றைக் குறியாக, 3020ஆகவே விழும். எதையும் ஊகிக்க வேண்டாம், திரையில் எதுவும் துள்ளாது. லேஅவுட்டின் பெயரையும் மாற்றலாம் என்று ஆசைப்பட்டேன், நல்லவேளை தடுத்தார்கள். பயனரின் அமைப்பில் லேஅவுட் பெயராகத்தான் சேமிக்கப்படுகிறது. பெயரை மாற்றினால் அடுத்த புதுப்பித்தலில் அத்தனை பேரின் தமிழ்க் கீபோர்டும் காணாமல் போகும்.

இந்த முறை ஏற்றுக்கொள்ள நான்கு நாள்தான். மாற்றக் குறிப்பில் அனுப்பியவர் பெயர் போடும் கையொப்ப வரி விட்டுப்போனதற்கு ஒரு நாள் கூடுதல்.

அப்புறம் நடந்தது சுத்த அசட்டுத்தனம். புதிய ரிலீஸை நிறுவினேன், அடித்தேன், பழையபடியே 'வௌ்ளம்'. மறுபடி நிறுவினேன், கணினியை அணைத்துப் போட்டேன், அதே. மூலத்திட்டத்துக்கு 'திருத்தம் ஏறவில்லை' என்று கடிதமே எழுதத் தொடங்கிவிட்டேன். அனுப்பும் முன் என் சொந்தக் கோப்புறையைப் பார்த்தேன். சோதனைக்காக நான்கு மாதம் முன்பு நானே வைத்த பழைய கோப்பு அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. எங்கள் லேஅவுட் கோப்பைப் படித்து விசைகளை எழுத்தாக்கும் எம்17என் முறையில் பயனர் கோப்புறையில் அதே பெயரில் கோப்பு இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை, கணினி முழுவதற்குமான கோப்பு பின்னால்தான். அதை நீக்கி, லினக்ஸில் விசைப்பலகை முறைகளை இயக்கும் மென்பொருளான ஐபஸ்ஸை மறுபடி இயக்கியதும் எல்லாம் சரி. ஐபஸ்ஸை மறுதொடக்கம் செய்யாமல் 'மாறவில்லையே' என்று நீங்களும் ஒரு மாலையை வீணாக்காதீர்கள்.

இதையெல்லாம் லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியில் செய்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அது ஒரு விசைக்கு ஒரு குறி தரும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. கொம்பை முதலில் அடித்து மெய் வரும்வரை கையில் பிடித்து வைக்கிற வேலை அதற்கு ஆகாது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் இதே லேஅவுட்டை வேறு வேறு வடிவத்தில் தனியாக எழுத வேண்டும், அதாவது ஒரே பிழையை மூன்று இடத்தில் திருத்த வேண்டும். 2024இல் யூனிகோடு அமைப்பின் மொழித்தரவுத் தொகுப்பான சிஎல்டிஆர் 45இல் வந்த புதிய விசைப்பலகை வரையறை ஒரே கோப்பாகச் செய்யலாம் என்கிறது. நான் இன்னும் மாறவில்லை, கொஞ்ச நாள் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். புதிய விசை ஏறியும் மூன்று வாரம் யாருக்கும் அது இருப்பதே தெரியவில்லை, ஏனென்றால் உதவிப் படத்தை மாற்ற மறந்துவிட்டேன். படத்தில் இல்லாத விசை கீபோர்டிலும் இல்லை, பயன்படுத்துகிறவர்களின் கணக்கு அப்படித்தான். படத்தை மாற்றிவிட்டு, தட்டச்சர் ஐயாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனை வைத்துவிடாமல் அப்போதே அடித்துப் பார்த்தார். வெள்ளம் சரி, கௌரவம் சரி, கெளுத்தியும் சரி.

"அப்புறம் தம்பி, ஔவையார்?"

ஒகரத்துக்குப் பின்னால் கொம்புக்கால் வந்தால் ஒரே எழுத்தாக ஔ, அதாவது 2964 ஆக வேண்டும். அதற்கான வரியை நான் எழுதவே இல்லை. பட்டியலில் நாற்பத்தோராவது சொல்லாக ஔவையாரைச் சேர்த்து, அன்று இரவே அடுத்த பேட்சை அனுப்பினேன். கையொப்ப வரியோடு.