பச்சை மூடிக் குழாய்

எங்கள் சின்னவனுக்கு இரண்டு வயது. வயிறு உப்பிக்கொண்டு வந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அப்புறம் டவுன் ஆஸ்பத்திரி, கொழும்பு, எலும்பு மச்சைப் பரிசோதனை. கடைசியில் ஜே.எம்.எம்.எல் என்றார்கள். பத்து லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் இரத்தப் புற்றுநோய்.

அநேகம் பிள்ளைகளுக்கு மச்சை மாற்றினால்தான் உயிர் தப்பும். சிலருக்குத் தானாகவே அடங்கிவிடும். இவன் எந்தப் பக்கம் என்று தெரிய மெத்திலேஷன் டெஸ்ட் செய்ய வேண்டும், மாதிரி வெளிநாடு போக வேண்டும் என்றார் டொக்டர். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பெயர்கள் மாறுவதில்லை, பெயருக்குப் பக்கத்தில் விழும் புள்ளடிதான் யார் வேலைக்கு வந்தார், வரவில்லை என்று சொல்லும். டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் அடையாளமும் அப்படித்தான். 2017இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பார்த்தபோது, அடையாளம் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கே நோய் கடுமையாக இருந்திருக்கிறது. 2021இல் கூடுதல், நடுத்தரம், குறைவு என்று மூன்றாகப் பிரிக்க பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

இந்தப் பெரிய விஷயமெல்லாம் சரியாக நடந்தது. எங்களைக் கவிழ்த்தது ஒரு குழாய் மூடி.

இரத்தத்தை டவுனிலேயே எடுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்கள். ஹட்டனில் இரவு பஸ் ஏறி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு விடிய கொழும்பில் இறங்கினேன். கவுண்டரில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, கிளார்க் இரண்டு குழாயையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். குரோமோசோம் பார்க்கப் பச்சை மூடி சரி, டிஎன்ஏ பார்க்க ஊதா மூடிதான் வேண்டும். பச்சையில் இருக்கும் ஹெப்பரின், அதாவது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, டெஸ்டைக் கெடுத்துவிடுமாம். டவுனில் இரண்டையுமே பச்சையில் எடுத்திருந்தார்கள். அது போதாதென்று, படிவத்தில் பிள்ளையின் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அக்காதான் பேசி உதவினார்.

திரும்பி வந்து, ஏற்கெனவே நீலம் பாரித்திருந்த அந்தக் கையில் இன்னொரு தரம் ஊசி. அவன் அழுததை விடுங்கள், நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், குழாயை வாங்கும்போதே மூடி நிறத்தைப் பாருங்கள், பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னமே ஹீமோகுளோபின் எஃப் (பிள்ளை கருவில் இருக்கும்போது இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகை) பரிசோதனைக்கு எடுத்தாயிற்றா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஏற்றிய பிறகு அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். பிள்ளையின் நகத்தையும் வெட்டிவிடாதீர்கள். நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இரத்தத்தில் மட்டுமா, பிறவியிலேயே உடம்பு முழுக்க இருக்கிறதா என்று நகத்தில்தான் பார்த்தார்கள். நாங்கள் விட்டுவைத்ததற்கு அம்மாயி ஏசிய ஏச்சு கொஞ்சமில்லை.

ரிப்போர்ட் வந்தது: மெத்திலேஷன் குறைவு. நகத்திலும் சிபிஎல் என்ற மரபணுவின் மாற்றம் இருந்தது. இந்த வகைதான் அநேகமாகத் தானாக அடங்கும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் கிளினிக் மட்டும் தவறக் கூடாது, மச்சை மாற்று இப்போதைக்கு வேண்டாம். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. வயிறு இன்னும் முழுதாக வற்றவில்லை. நகத்தை அம்மாயி ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வெட்டிவிட்டார், வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல்.