பழையதற்கு என்ன நடந்தது?

எங்கள் ஆங்கில ஆசிரியர், சேர், மறைந்து ஓராண்டு. அவரது நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால், 'மாற்று' என்ற ஒரே சொல்லுக்குள் ஆறு ஆங்கிலச் சொற்களை நாங்கள் போட்டுக் குழப்பிய அந்தப் பாடம்தான் முன்னே வருகிறது. சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் கேட்க மாட்டார். "பழையதற்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்பார்.

ரிப்ளேஸும் சப்ஸ்டிடியூட்டும்தான் எங்களை அதிகம் விழுத்தின. சீனிக்குப் பதிலாகத் தேன் என்று வையுங்கள். ரிப்ளேஸ் போட்டால் சீனி முதலில், பிறகு 'வித்', பிறகு தேன். சப்ஸ்டிடியூட் போட்டால் தேன் முதலில், பிறகு 'ஃபோர்', பிறகு சீனி. தமிழில் உருபு நம்மைக் காக்கிறது: சொற்களை எப்படி முன்பின்னாக்கினாலும் 'க்கு' ஒட்டியதுதான் வெளியே போகும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. மருந்துக் குறிப்பில் இடம் பிசகினால் நிறுத்தவேண்டிய மருந்து தொடரும், தொடங்கவேண்டியது நின்றுவிடும். "ஃபோரை உங்கட 'க்கு' என்று பிடியுங்கோ" என்பார். இன்றும் அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

சூப்பர்சீடை எழுத்துக்கூட்டாமல் விடமாட்டார். எக்ஸீட், புரொசீட், சக்சீட் மூன்றுக்கும் இரட்டை 'ஈ'. பிரிசீட் போன்றவற்றுக்கு 'சி'. சூப்பர்சீடுக்கு மட்டும் 'எஸ்', ஏனென்றால் அதன் லத்தீன் வேர் 'மேலே உட்கார்தல்'. புதிய சுற்றறிக்கை பழையதன்மேல் உட்காருகிறது. பழையது கோப்பிலேயே கிடக்கும், வலு மட்டும் போய்விடும். அதனால் எந்த இலக்கம், எந்தத் திகதி, முழுவதுமா ஒரு பந்தி மட்டுமா என்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் இரண்டையும் காட்டி வழக்காடலாம்.

சப்ளான்டின் வேரில் உள்ளங்கால் இருக்கிறது. காலைத் தட்டிவிட்டு இடத்தைப் பிடிப்பது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் யாக்கோபைப் பற்றி ஏசா முறையிடும்போது வருவது இந்தச் சொல்தான். ஆகவே முறையாகப் பதவிக்கு வந்தவருக்கு இதைப் போட்டால் பழி. அவருக்குச் சக்சீட், முன்னவர் பெயருக்கு முன் 'டு' வராது, பதவிக்கு முன் வரலாம். சேரின் வகுப்புக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே வந்தார்.

டிஸ்ப்ளேஸை, அதாவது இடம்பெயரச் செய்வதை, கடைசிக்கு வைத்திருப்பார். நிறைந்த பாத்திரத்தில் கல்லை இறக்கினால் நீர் வழியும். வழிந்த நீர் குறைவதில்லை, கெடுவதில்லை. கல்லின் கனஅளவு எவ்வளவோ அவ்வளவு வெளியே நிற்கும். அதன் இடத்தில்தான் வேறொன்று. அன்று அதை இயற்பியல் உதாரணமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். ஊரைவிட்டு வந்தபின் எங்களில் பலர் படிவங்களில் அந்தச் சொல்லுக்கு நேரே அடையாளமிட்டோம், எழுத்துப் பிழையில்லாமல். அதைச் சேருக்கு ஒரு கடிதமாக எழுதியிருக்கலாம்.