மல்ட்டிஹாப் பிஎஃப்டிக்கு டிடிஎல் செட் பண்ண அனுபவம்

ரெண்டு சைட்டு, ரெண்டோட லூப்பேக் (எந்த கேபிளையும் சாராம ரூட்டருக்கே குடுக்குற அட்ரஸ்) நடுவுல பிஜிபி ஓடுது, அதாவது ரெண்டு பக்கமும் ரூட் பரிமாறிக்குற புரோட்டோகால். நடுவுல மூணு ரூட்டர். பிஜிபியோட ஹோல்ட் டைமர் 180 செகண்ட், அதாவது நடுவுல பாதை செத்தாலும் மூணு நிமிஷம் வரைக்கும் டிராஃபிக் குழிக்குள்ள போய்ட்டே இருக்கும், அதனாலதான் பிஎஃப்டி (சின்ன பாக்கெட் அடிக்கடி அனுப்பி பாதை உயிரோட இருக்கான்னு பாக்குற புரோட்டோகால்) போடலாம்னு முடிவு. எங்க பக்கம் லினக்ஸ் மேல எஃப்ஆர்ஆர்ங்குற ரூட்டிங் சாஃப்ட்வேர், எதிர்ப்பக்கம் வேற கம்பெனி பாக்ஸ்.

பியரை (எதிர்ப்பக்க ரூட்டரை) கையால எழுதி, மல்ட்டிஹாப்னு (நடுவுல ரூட்டர்கள் இருக்குன்னு) சொல்லி, லோக்கல் அட்ரஸா லூப்பேக்கை குடுத்து, ஃபயர்வால்ல யுடிபி 4784 திறந்து விட்டாச்சு (3784 சிங்கிள் ஹாப்புக்கு, இதை மாத்தி திறந்துட்டு தலைய பிச்சுக்குறவங்க நிறைய பேர்). ஆனாலும் செஷன் டவுன்லயே இருக்கு. பாக்கெட்டை பிடிச்சு காட்டுற டிசிபிடம்ப்ல பாத்தா பாக்கெட் அழகா வந்து சேருது, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம்ங்குற எண்) 252னு காட்டுது. அங்கதான் விஷயம் பிடிபட்டுச்சு. அனுப்புறவன் 255ல அனுப்புறான், ஒவ்வொரு ரூட்டரும் ஒண்ணு கழிக்குது, மூணு தாண்டினா 252. எஃப்ஆர்ஆர்ல மினிமம்-டிடிஎல் டீஃபால்ட் 254, அதாவது நடுவுல ஒரே ஒரு ரூட்டர்தான்னு நினைச்சுக்குது, அதுக்கு கீழ வர்றதெல்லாம் சத்தமில்லாம டிராப், டீபக் ஆன் பண்ணினாதான் தெரியும்.

சரி 252 போட்டா செஷன் அப் ஆயிடும், ஆனா அதோட நிறுத்தக்கூடாது. மெயின் லிங்க் போனா டிராஃபிக் சுத்துப்பாதைல வரும், அங்க அஞ்சு ரூட்டர், அப்போ வர்ற டிடிஎல் 250. 252னு விட்டிருந்தா பாதை மாறின அடுத்த நொடியே, பேக்கப் நல்லா வேலை செய்யுறப்பவே பிஎஃப்டி செத்து பிஜிபியையும் இழுத்துட்டு போயிருக்கும். அதனால மெயின்டனன்ஸ் நேரத்துல மெயின் லிங்க்கை ஷட் பண்ணி, வர்ற டிடிஎல்லை பாத்துட்டு 250 போட்டேன். இன்னொண்ணு, டிரேஸ்ரூட் அடிச்சு ஹாப் எண்ணுறது இங்க அவ்வளவா உதவாது, அது போற பாதைய காட்டும், நமக்கு வேண்டியது வர்ற பாதை, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. எதிர்ப்பக்கத்துலயும் இதே மாதிரி தனியா அளந்து போட சொன்னோம்.

அப்போ பேசாம 1னு போட்டுட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டார். போடலாம், வேலை செய்யும், ஆனா எங்கயோ தூரத்துல இருந்து போலி பாக்கெட் அனுப்புறவனுக்கும் கதவு திறந்துடும். 255க்கு மேல யாராலயும் ஆரம்பிக்க முடியாது, அதனால பத்து ஹாப் தள்ளி இருக்குறவன் என்ன பண்ணாலும் 250ஐ தொட முடியாது. ஜிடிஎஸ்எம்னு (டிடிஎல்லை வெச்சு தூரத்து போலி பாக்கெட்டை தடுக்குற முறை) 2007ல வந்த ஆர்எஃப்சி 5082ங்குற இன்டர்நெட் தரநிலை ஆவணத்துல இருக்குற யோசனையும் இதேதான்.

பிஎஃப்டி பாக்கெட் அனுப்புற டைமர் டீஃபால்ட் 300 மில்லிசெகண்ட், மூணு தடவ மிஸ் ஆனா டவுன், அதாவது 900 மில்லிசெகண்ட். மல்ட்டிஹாப்புக்கு இது ரொம்ப அவசரம், நடுவுல ஓஎஸ்பிஎஃப் (நடு ரூட்டர்களுக்குள்ள பாதை போடுற புரோட்டோகால்) புது பாதை கண்டுபிடிக்க அவகாசம் வேணாமா? 1000க்கு ஏத்தி மூணு செகண்டா வெச்சோம். ஒரு பக்கம் மட்டும் குறைச்சு வெச்சும் புண்ணியமில்ல, ரெண்டு பேர்ல மெதுவா இருக்குறவர் நேரம்தான் எடுபடும். மறுபடி லிங்க்கை ஷட் பண்ணி பாத்தோம், பாதை மாறுச்சு, பிஎஃப்டி அசையவே இல்ல, பேக்கப்பையும் சேத்து பிடுங்கினதும் மூணு செகண்ட்ல பிஜிபி டவுன்.