கரைந்த பிறகு பார்க்கலாம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஆய்வகத்தில் அரை மோலார் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னார்கள். செய்முறைத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: டைசோடியம் ஈடிடிஏ 186.1 கிராமை 800 மில்லி தண்ணீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சேர்த்து பிஎச் (அமில-கார அளவு) 8-க்குக் கொண்டுவந்து, ஒரு லிட்டருக்கு நிரப்பவும்.

எடை போட்டேன், பீக்கரில் கொட்டினேன், மேக்னடிக் ஸ்டிரரில் வைத்தேன். சுண்ணாம்பைக் கலக்கியதுபோல் வெளுத்துச் சுற்றியது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன். அப்புறம் சூடாக்கினேன், பெரும்பகுதி தெளிந்தது. அப்பாடா என்று சூட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஆறிப்போன பீக்கரில் மறுபடி அதே வெள்ளை.

மேடம் வந்து எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரமா சுத்துது?"

"ரெண்டு மணி நேரமா, மேடம்."

"பிஎச் பார்த்தியா?"

"கரைஞ்ச பிறகு பார்க்கலாம்னு..."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிஎச் மீட்டரின் முனையை உள்ளே இறக்கினார். ஐந்துக்கும் கீழே காட்டியது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். ஆறு, ஏழு என்று எண் ஏற ஏறப் பால் நிறம் மெலிந்தது. எட்டை நெருங்கியபோது பீக்கரின் பின்னால் இருந்த லேபிளைப் படிக்க முடிந்தது.

அந்த உப்பு, சாதாரணத் தண்ணீரில் அறை வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம்தான் கரையும். காரம் சேர்த்தால், மூலக்கூறில் மிச்சமிருக்கும் அமில ஹைட்ரஜன் கழன்று மின்சுமை கூடுகிறது. அப்போதுதான் மீதியையும் தண்ணீர் ஏற்றுக்கொள்ளும். 'கரைத்து, பிறகு பிஎச்' என்று தாளை எழுதியவர் மேல் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

எவ்வளவு கரையும் என்பதும் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதும் வேறு வேறு கேள்விகள். கல்லூரியில் படித்ததுதான்; ஆனால் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான். 1897-லேயே நாய்ஸ், விட்னி இருவரும் கரையும் வேகத்துக்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார்கள். பூரித நிலைக்கு, அதாவது இனிமேல் கரையாது என்ற எல்லைக்கு, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அதற்கேற்பத்தான் வேகமும். பொடித்தால் பரப்பு கூடும், கலக்கினால் துகளைச் சுற்றி நிற்கும் செறிந்த படலம் மெலியும். இரண்டுமே வேகத்தைக் கூட்டும். ஆனால் பூரித நிலையைத் தொட்டுவிட்டால் நாள் முழுக்கக் கலக்கினாலும் ஒரு சிட்டிகைகூட அதிகம் கரையாது.

வெப்பம் இரண்டிலும் கைவைக்கும், அதுவும் பொருளுக்குப் பொருள் வேறு மாதிரி. 100 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரியில் 32 கிராம் கரையும். கொதிநிலையில் 240 கிராமைத் தாண்டும். சோடியம் குளோரைடோ 36-லிருந்து 39-க்கு நகர்வதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடு இன்னும் மோசம், சூடாக்கினால் குறைவாகத்தான் கரையும்.

சூட்டை நம்பும் பழக்கம் எனக்கு லேசில் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, எச்பிஎம்சி என்ற, நீரில் கூழாகும் செல்லுலோஸ் வகைப் பொடி வந்தபோது தலைகீழாகத் தடுமாறினேன். குளிர்ந்த நீரில் கரையும் என்று படித்துவிட்டு, மொத்தத்தையும் குளிர்நீரில் கொட்டினேன். கொழகொழவென்று உருண்டைகள். ஒன்றை ஸ்பேட்டுலாவால் வெட்டிப் பார்த்தால், உள்ளே பொடி துளிகூட நனையாமல் இருக்கிறது. வெளிப்பக்கம் முதலில் நனைந்து கூழாகி, தண்ணீரை உள்ளே விடாமல் தானே அடைத்துக்கொண்டது. சரியான வழி வேறு. மூன்றில் ஒரு பங்கு நீரை 80 டிகிரிக்குமேல் சூடாக்கி அதில் பொடியைத் தூவவேண்டும். அந்தச் சூட்டில் அது கரையாது. அதனாலேயே ஒட்டாமல் பரவும். பிறகு மீதி நீரைக் குளிரக் குளிர ஊற்றினால் ஆற ஆறத் தெளிந்து கெட்டிப்படும்.

பொருள் ஒன்றே ஆனாலும் படிக அமைப்பு மாறினால் கரைதிறன் மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு 1998-ல் அதுதான் நேர்ந்தது. முன்பு யாரும் கண்டிராத, குறைவாகக் கரையும் படிக வடிவம் தலைகாட்டியதால் சந்தையிலிருந்த கேப்ஸ்யூல்களைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் அயோடின் கரைசலோடு போராடிக்கொண்டிருந்தான். லிட்டருக்கு 36 கிராம் பொட்டாசியம் அயோடைடு, அளவு சரிதான். "எவ்வளவு தண்ணியில கரைச்சே?" என்று கேட்டேன்.

"மொத்த ஒரு லிட்டர்லயும், சார்."

அயோடின் வெறும் நீரில் லிட்டருக்குச் சுமார் 0.3 கிராம்தான் கரையும். அயோடைடு செறிவாக இருந்தால்தான் அதோடு சட்டென்று சேர்ந்து கரையும். முதலில் 100 மில்லியில் கரைத்துவிட்டு அப்புறம் நீர்க்கவைக்க வேண்டும். இவனுடைய குடுவையில் செம்பழுப்புத் திரவத்தின் அடியில் கருந்துகள்கள் காந்தத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன.

"காலையிலேர்ந்து சுத்துது சார், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டுமா?" என்றான். நான் இன்னொரு சிறிய பீக்கரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.