லாக் நட்டுல ஒரு சொட்டு பெயின்ட்

வத்தல்மலைல கொஞ்சம் காபி, மிளகு போட்டிருக்கிற ஒரு அண்ணன் இருக்கார், அவர்கிட்ட ஒரு பழைய மாருதி ஜிப்சி ஜீப்பு. தர்மபுரில என் பட்டறைக்கு அந்த வண்டி வர்றது தெருமுனைலயே தெரிஞ்சிடும், நேர் ரோட்டுலயே மனுஷன் ரவை சலிக்கிற மாதிரி ஸ்டியரிங்க இப்பிடியும் அப்பிடியும் ஆட்டிக்கிட்டேதான் வருவார். ஆட்டலன்னா வண்டி அது பாட்டுக்கு போகும்.

ரெண்டு வருஷம் முன்னாடி மொதல் தடவை இதுக்குன்னு வந்தப்ப நான் பண்ண வேலைய இப்ப சொல்லவே கூச்சமா இருக்கு. அன்னிக்கு முகூர்த்த நாள், பட்டறைல நாலு வண்டி நிக்குது, பானெட்ட தூக்குனேன், ஸ்டியரிங் பாக்ஸ் மேல ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருக்கும், லாக் நட்ட லூஸ் பண்ணி ஸ்க்ரூவ ஒரு கால் சுத்துக்கு மேலயே இறுக்கி, நட்ட பூட்டி அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. ஆட்டம் போச்சு, அவருக்கு சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

அடுத்த மழைக்கு வந்தார் பாருங்க, மூஞ்சியே சரியில்ல. "தம்பி, வளைவுல திருப்புனா திருப்புன எடத்துலயே நிக்குதுப்பா, திரும்பி வர மாட்டேங்குது. நேத்து கொண்டை ஊசில கைய லேசா விட்டேன், முன் வீலு தடுப்பு கட்டைய தொட்டுட்டு நின்னுச்சு, பின்னாடி சீட்டுல எங்கம்மா உக்காந்திருந்தாங்க." அதுக்கு மேல அவர் ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

விஷயம் என்னன்னா, பாக்ஸுக்குள்ள இருக்கிற பல்லு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. வண்டி முக்காவாசி நேரம் நேராத்தான போகுது, அதனால நடு எடம்தான் அதிகமா தேயும், ரெண்டு ஓரமும் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும். நடுல இருக்கிற ப்ளேவ, அதான் அந்த ஆட்டத்த, முழுசா எடுக்கணும்னு ஸ்க்ரூவ இறுக்குனா ஓரத்துல போய் கடிக்கும், கடிச்சா ஸ்டியரிங் தானா திரும்பி வராது. இது எனக்கு அன்னிக்கும் தெரியும். தெரிஞ்சேதான் இறுக்குனேன், அதான் இன்னும் உறுத்துது.

இந்த தடவை வண்டிய ரெண்டு நாள் நிறுத்திட்டேன். மொதல்ல ஸ்க்ரூவ பழைய எடத்துக்கு விட்டேன், ஆட்டம் அப்பிடியே திரும்பி வந்துச்சு, வரட்டும். வீல் நாலும் தரைலயே இருக்க, எங்க பையன மேல உக்கார வச்சு ஸ்டியரிங்க ரெண்டு விரக்கடை மட்டும் லெஃப்ட்டு ரைட்டு ஆட்டச் சொல்லிட்டு நான் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டா கைய வச்சுக்கிட்டே வந்தேன். கண்ணுக்கு தெரியாத ஆட்டம் கைக்கு தெரியும், உள்ளங்கைல டொக்குனு ஒரு தட்டு தட்டும். ஸ்டியரிங் ராடுல இருக்கிற ரப்பர் கப்ளிங்ல வெடிப்பு, அங்க கொஞ்சம். பாக்ஸ்ல இருந்து வீலுக்கு போற டிராக் லிங்க்ங்கிற கம்பியோட எண்டு ஒண்ணுல கொஞ்சம். பாக்ஸ சேஸிஸோட புடிக்கிற போல்ட்டுல ஒண்ணு கையாலயே சுத்துது, பாக்ஸே மொத்தமா அசையுது! பானெட்ட தூக்கி ஸ்க்ரூவ தேடுன நான் அதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த போல்ட்ட அன்னிக்கு தொட்டு கூட பாக்கல.

அப்புறம் ஜாக்கி வச்சு முன் வீல தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா கடக் கடக்னு அடிக்குது. பையன் உடனே வீல் பேரிங்குண்ணான்னான். பிரேக்க மிதிடா பாக்கலாம்னேன், வீல் பேரிங்கா இருந்தா பிரேக் புடிச்சதும் ஆட்டம் நின்னுடும், இங்க நிக்கல. அப்ப கிங்பின்தான், முன் வீலு லெஃப்ட்டு ரைட்டு திரும்புற அச்சு, அதோட பேரிங்கு போயிருக்கு. நடுல அவர் வேற எங்கயோ காட்டி புது ஸ்டியரிங் டேம்பர் ஒண்ணு மாட்டிட்டு வந்திருந்தார், பளபளன்னு இருக்கு. அம்பது அறுபதுல வண்டி முன்னாடி உதறுறத அது கொஞ்ச நாள் அமுக்கி வச்சிருக்கும், அவ்ளோதான், தேஞ்சத அது என்ன பண்ணும்.

கழட்டுனா கிரீஸே இல்ல, காபி டிகாஷன் மாதிரி துருத் தண்ணி ஒழுகுது. சீல் கிழிஞ்சு ஓடைத் தண்ணியெல்லாம் உள்ள போயிருக்கு. பேரிங் கப்ப துடைச்சு வெளிச்சத்துல புடிச்சேன், ரோலர் உக்காந்த எடமெல்லாம் கோடு கோடா பள்ளம், நகத்த வச்சு இழுத்தா ஒவ்வொரு கோட்டுலயும் நகம் மாட்டுது. வீல் பேரிங் மாதிரி இது முழு சுத்து சுத்துறது இல்ல, கொஞ்சம் இப்பிடி கொஞ்சம் அப்பிடி, மீதி நேரம் ஒரே எடத்துல நின்னு பள்ளம் மேடெல்லாம் அடி வாங்குது. அந்த மலை ரோட்டுல எத்தனை அடி வாங்கியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

ரெண்டு பக்கமும் மேல கீழ நாலு பேரிங், புது சீல், புது கிரீஸ். கிங்பின்ல வைக்கிற மெல்லிசு தகடு, சிம்னு சொல்லுவோம், அத போடுறதுலதான் பாதி நாள் போச்சு. சிம் அதிகமா இருந்தா ஆட்டம், கம்மியா இருந்தா டைட்டு. சீல் மாட்டுறதுக்கு முன்னாடி, டை ராடு மாட்டுற ஓட்டைல ஸ்பிரிங் தராச கோத்து இழுத்துப் பாக்கணும், நக்கிள், அதான் வீலோட சேந்து திரும்புற பாகம், ஒரு கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள நகர ஆரம்பிக்கணும். லெஃப்ட்டுல மொத தடவையே சரியா வந்துச்சு, ரைட்டுல மூணு தடவை கழட்டி மாட்டுனேன், மூணாவது தடவை பையன் ஒண்ணும் பேசாம எந்திரிச்சு டீ வாங்கப் போயிட்டான். டிராக் லிங்க் எண்டு, கப்ளிங் மாத்தி, பாக்ஸ் போல்ட்டுக்கு புது வாஷர் போட்டு முறுக்கி, டோ-இன், அதாவது முன் வீலு ரெண்டும் முன்பக்கம் லேசா உள்ள பாத்து நிக்கிறது, 4 மில்லிமீட்டர் வச்சு முடிச்சப்ப ரெண்டாம் நாள் லைட்டு போட்டாச்சு.

பாக்ஸ் ஸ்க்ரூவ கடைசியாதான் தொட்டேன், அதுவும் லேசா, ஓரத்துல கடிக்குதான்னு முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி திருப்பி பாத்துட்டு. சேலம் பைபாஸ்ல 70 வரைக்கும் போய்ப் பாத்தேன், உதறல் இல்ல, வளைவுல கைய தளர்த்துனா ஸ்டியரிங் தானா நடுவுக்கு வருது. தொப்பூர் கணவாய் வரைக்கும் போலாம்னு பையன் கேட்டான், அங்க லாரிங்க எறங்குற எறக்கத்துல டெஸ்ட் டிரைவ் எல்லாம் வேண்டாம்டான்னு திருப்பிட்டேன்.

அண்ணன் வந்தார், உக்காந்தார், ஸ்டியரிங்க ஆட்டினார். "இன்னும் இவ்ளோ இருக்கேப்பா"ன்னு ரெண்டு விரல காட்டினார். அண்ணா, இந்த வண்டிக்கு 30 மில்லிமீட்டர் வரைக்கும் ப்ளே இருக்கலாம், உங்களுதுல 20 கூட இல்ல, அது இருக்கட்டும், யாரையும் அந்த ஸ்க்ரூவ மட்டும் தொட விடாதீங்கன்னு சொல்லி, அவர் கண்ணு முன்னாடியே லாக் நட்டுலயும் ஸ்க்ரூ தலைலயும் சேத்தாப்ல ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட் வச்சேன். தலைய ஆட்டினார். அந்த பழைய கப்புல ஒண்ண பையன் கழுவி வச்சுக்கிட்டான், இப்ப அதுலதான் ஸ்ப்ளிட் பின்னு போட்டு வைக்கிறான்.

போன மாசம் ஆயில் மாத்த வந்தார். பழக்கத்துல பானெட்ட தூக்குனதும் கண்ணு அங்கதான் போச்சு, பெயின்ட் வெடிச்சு நட்டு ஒரு பக்கம் ஸ்க்ரூ ஒரு பக்கம்னு நிக்குது. நான் அவரப் பாத்தேன். அவர் பட்டறை வாசல்ல இருக்கிற மாமரத்தப் பாத்து, இந்த வருஷம் பூ நல்லா வச்சிருக்கு போலன்னார்.