பங்குனி ஆமை முட்டையை இடம் மாற்றும்போது

கோஸ்டாரிகாவுக்குக் காசு கட்டி ஆமை காக்கும் தன்னார்வலராகப் போகுமுன், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு சீசன் ஆமை முட்டை தேடி ராத்திரி நடை நடந்து பாருங்கள். அங்கே பசிபிக் கரையில் முட்டையிடும் அதே பங்குனி ஆமைதான் (ஆலிவ் ரிட்லி கடலாமை) இங்கும் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறுகிறது. வனத்துறை அனுமதியோடு போகும் குழுவுடன் மட்டும் போங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது.

ஆமை முட்டையிட்ட குழியைக் கையால்தான் தோண்ட வேண்டும். மண்வெட்டி பட்டால் முட்டை கிழியும். ஒரு குழியில் சுமார் 100 முட்டை. இட்ட சில மணி நேரத்துக்குள், முட்டையைக் காத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு கரு ஓட்டின் மேல்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டை புரண்டால் போச்சு. பைக்கில் குலுக்கிக்கொண்டு போகவே கூடாது.

பொரிப்பகத்தில் குழி ஒன்றரை அடி ஆழம், குடம் மாதிரி: வாய் குறுகல், அடி அகலம். ஈர மணல் வரும்வரை போங்கள், காய்ந்த மணல் சரிந்து மூடிவிடும். மேலே நிழல் வலை அவசியம். மணல் 31 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே. 35-ஐத் தாண்டி நீடித்தால் கருவே தங்காது.

45 முதல் 60 நாளில் பொரியும். குஞ்சைத் தூக்கித் தண்ணீரில் போடாதீர்கள், மணலில் தானாக ஊரட்டும். சிவப்பு டார்ச் போதும். செல்பி வெளிச்சம் பட்டால் கடலை விட்டு உங்கள் பக்கமே திரும்பும்.